குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

செங்காந்தள் மலரின் பெயரைக் கேளாத தமிழ் மாணவி இருக்க முடியாது. சங்கப் புலவர்கள் மகளிரின் மெல்விரல்களுக்கு உவமையாக எடுத்தாண்ட மலர் அது. இன்று நம் மாநில மலராகவும் விளங்குகிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழும் நம்மில் பலர் அதைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கக்கூடும். மழைக்காலத்தில் வெளியூர் செல்வோர், வேலிகளின் மீது அது தீச்சுடர் போலப் படர்ந்து பூத்திருப்பதைக் காணலாம். கண்வலிக் கிழங்கு என்று கிராமத்தார் அழைக்கும் அதன் கிழங்கோ கொடிய நஞ்சு. அந்த நஞ்சின் பெயர் கால்ச்சிசின். ஐரோப்பாவில் வளரும் கால்ச்சிக்கம் என்னும் செடியிலும் அது இருப்பதால் இப்பெயர் பெற்றது. இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லைப் பாதி வழியில் நிறுத்திவிடும் ஆற்றல் அதற்கு உண்டு.

அந்த நஞ்சைத் துளித்துளியாக நாற்றுகளின் நுனியில் இட்டு, செல்லின் உள்ளே நேரும் மாற்றங்களை நுண்ணோக்கியில் கண்டு, எண்ணிக் குறித்து வைத்த அறிஞர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு. நம் கடற்கரைச் சாலையில் உள்ள கல்லூரிகளில் பயின்றவர். உலகின் பல நாடுகளில் பணியாற்றி, கடைசியில் சென்னைக்கே திரும்பி வந்து, சென்னையை அடுத்த மதுரவாயலில் கண்மூடியவர். அவர்தாம் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அந்நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தந்தையார் திவான் பகதூர் கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். இயற்கையின் மீது பேரார்வம் கொண்டவர். வீட்டைச் சுற்றி அழகிய தோட்டம் அமைத்துப் பேணியதோடு, வடமலபார்ப் பறவைகளைப் பற்றி எழுதியும் வந்தார். தாயார் பெயர் தேவி. பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. செடிகொடிகளின் பெயர்களையும் குணங்களையும் சிறுமி ஜானகி முதலில் கற்றது தந்தையின் தோட்டத்தில்தான். பள்ளிக் கல்வியைத் தலைச்சேரி சேக்ரட் ஹார்ட் கான்வென்டில் பெற்றார். கன்னியர் நடத்தும் பள்ளியில் படிக்கும் நமக்கு இது ஒரு தனி மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. அக்காலத்தில் ஒரு பெண் பள்ளிப் படிப்பை முடிப்பதே அரிது. முடித்த பின்பு அடுத்தது திருமணம் என்பது எழுதாத சட்டம். அவருடைய சகோதரிகள் அவ்வழியே சென்றனர். ஜானகியோ மேற்படிப்பைத் தேர்ந்துகொண்டு சென்னைக்குப் புறப்பட்டார்.

1914இல்தான் சென்னையில் பெண்களுக்கென முதல் கல்லூரி, மயிலாப்பூரை அடுத்த கடற்கரையில், தொடங்கப்பெற்றிருந்தது. 1917இல் அது இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. இன்று பேருந்தில் கடற்கரைச் சாலை வழியே செல்லும்போது நாம் காணும் அதே கல்லூரிதான். அங்குப் பயின்றபின், அதே சாலையில் சிறிது வடக்கே சேப்பாக்கத்தில் உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்பு நுங்கம்பாக்கத்தில் உள்ள மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். கௌரவமான வேலை, பாதுகாப்பான விடுதி, மதிப்பு மிக்க மாணவியர் என எல்லாம் அமைந்துவிட்டன. பலர் அத்துடன் நிறைவடைந்திருப்பர்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் என்னும் கொடையாளர், ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்றே 1917இல் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியிருந்தார். அதனைப் பெற்றுக் கடல் கடந்து சென்றார் ஜானகி. முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பி, மீண்டும் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். மறுபடியும் மிச்சிகன் சென்று 1931இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். தாவரவியலில் அமெரிக்காவில் இத்தகைய உயர்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என அவரைக் குறிப்பிடுவர்.

அவர் தேர்ந்துகொண்ட துறை செல்லியல். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் நம் ஆய்வுக்கூடத்தில் வெங்காய வேரின் நுனியை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிப் பார்ப்பதுண்டு. செல்கள் ஓயாமல் பிரியும் இடம் வேர்நுனி. பிரியும் நேரத்தில் மட்டுமே குரோமோசோம்கள் குட்டையான கோல்களைப் போலத் தடித்துத் தெளிவாகத் தெரியும். வெங்காயத்தில் அவை பதினாறு. எண்ணிப் பார்த்தவர்களுக்கு அதிலுள்ள சிரமம் தெரியும். ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும். இரண்டா மூன்றா என்று கண் தடுமாறும். பதினாறுக்கே இந்தப் பாடு என்றால், எண்பதையும் நூற்றுக்கு மேற்பட்டதையும் பிழையின்றி எண்ணுவது எத்தகைய பொறுமை வேண்டும் வேலை!

அந்த வேலைதான் கோயம்புத்தூரில் அவருக்குக் காத்திருந்தது. திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியராக இருந்தபின், 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். நம் நாட்டுப் பழைய கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது. கிழக்குத் தீவுகளின் பருத்த கரும்பு இனிப்பு மிகுந்தது, ஆனால் நம் மண்ணில் எளிதில் நோயுற்றது. ஆகவே பருத்த கரும்பை ஆற்றோரத்து நாணலுடன் கலந்து, இனிப்பும் உறுதியும் ஒருங்கே உள்ள புதிய வகைகளை உண்டாக்கும் பணி, கரும்பு வேங்கடராமன் என்று புகழ்பெற்ற சர் டி. எஸ். வேங்கடராமனின் தலைமையில் அங்கு நடந்துவந்தது. பருத்த கரும்பில் குரோமோசோம்கள் எண்பது. நாணலிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். இரண்டும் கலந்த கன்றில் எத்தனை? அவை எங்கிருந்து வந்தன? இவற்றை நுண்ணோக்கியில் எண்ணி விளக்கினார் ஜானகி அம்மாள். கரும்பை மக்காச்சோளத்துடனும் சோளத்துடனும் கூடக் கலந்து பார்த்தார். 1935இல், சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்துகொண்டது.

ஆயினும் கோயம்புத்தூர் வாழ்க்கை இனிமையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆண்கள் மட்டுமே நிறைந்த பணியிடத்தில் மணமாகாத தனிப்பெண். அக்காலச் சாதி வழக்கில் தாழ்த்தி நோக்கப்பட்ட தீயர் குலத்தில் பிறந்தவர். திறமை எத்தனை இருந்தாலும் இவ்விரண்டையும் மறக்க உடன் பணிபுரிந்தோர் சிலருக்கு மனம் வரவில்லை. அவர் அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. வேலை செய்ய இடம் கிடைத்த திசையில் நடந்தார்.

1939 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது. இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் துணைச் செல்லியலாளராகப் பணி கிடைத்தது. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் பதுங்கியிருந்து, காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்ந்துவிடுவாராம். சி. டி. டார்லிங்டன் என்னும் பேரறிஞருடன் சேர்ந்து, உலகில் பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான செடிகள் இடம்பெற்ற அந்நூல் பயிர் ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுங்காலம் கைநூலாக இருந்துவந்தது.

அதே ஆண்டு அரச தோட்டக்கலைக் கழகம் விஸ்லி என்னும் ஊரில் நடத்திவரும் தோட்டத்தில் செல்லியலாளரானார். கால்ச்சிசின் இங்குதான் அவர் கதையில் முக்கிய இடம் பெறுகிறது. கால்ச்சிசினால் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்பது 1937இல் அமெரிக்காவில் வெளியான கண்டுபிடிப்பு. ஜானகி அம்மாள் மக்னோலியா மரத்தின் இளநாற்றுகளில் அதைப் பயன்படுத்தினார். முப்பத்தெட்டாக இருக்கவேண்டிய குரோமோசோம்கள் எழுபத்தாறாயின. இலைகள் தடித்தன, பூவிதழ்கள் கனத்தன. அவர் வளர்த்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த இரட்டிப்பு எவ்வாறு நிகழ்ந்தது? இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாம் ஒவ்வொருவரும் உயிர் பெற்று வளர்ந்த கதையும் இதில் அடங்கியிருக்கிறது.

நம் பள்ளி விளையாட்டு விழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செல் பிரியுமுன், ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. அசலும் நகலும் ஒட்டிய இரட்டையராகச் செல்லின் நடுவில் வந்து வரிசையில் நிற்கின்றன. செல்லின் இரு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் என்னும் மெல்லிய கயிறுகள் நீண்டு வந்து, இரட்டையரில் ஒருவரை இப்பக்கக் கயிறும் மற்றவரை அப்பக்கக் கயிறும் பற்றிக்கொள்கின்றன. எல்லாரும் பற்றப்பட்டபின் ஒட்டியிருக்கும் பசை அறுபடுகிறது; இரு முனைகளுக்கும் சரிபாதியாக இழுத்துச் செல்லப்படுகின்றன. நடுவில் சுவர் எழுகிறது. ஒரு செல் இரண்டாயிற்று.

கால்ச்சிசின் செய்வது கயிறு உருவாகாமல் தடுப்பது. கயிறு இல்லை, ஆகவே இழுப்பார் இல்லை. வரிசையில் நின்ற குரோமோசோம்கள் நின்றபடியே நிற்கின்றன. வெகுநேரம் காத்திருந்தும் பயனின்றி, செல் பிரியாமலே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் நகல் எடுத்தது எடுத்ததுதானே! இரண்டு செல்களுக்கு உரிய குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடுகின்றன. மக்னோலியாவின் எழுபத்தாறு இப்படி வந்ததே.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கயிறு இல்லாதபோது செல் ஏன் காத்திருக்க வேண்டும்? குரோமோசோம்களை அங்கேயே விட்டுவிட்டு, நடுவே சுவரை எழுப்பிவிட்டால் என்ன? அவ்வாறு செய்யாமல் அதைத் தடுத்து நிறுத்துவது யார்? செல்லியலார் பல்லாயிரம் தகடுகளில் இந்தக் காத்திருப்பைக் கண்டிருக்கின்றனர். அதன் காரணம் ஜானகி அம்மாள் மறைந்தபின்தான் தெளிவாயிற்று. லீலண்ட் ஹார்ட்வெல் என்பவரும் அவருடைய துணைவரும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை ஆராய்ந்து, செல் பகுப்பின் வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன என்று 1989இல் விளக்கினர். முந்தைய வேலை முடிந்ததா என்று பாராமல் அடுத்ததற்குப் போக விடாத காவல் அது. 2001இல் ஹார்ட்வெல், டிம் ஹண்ட், பால் நர்ஸ் ஆகிய மூவருக்கும் செல் பகுப்பு ஆராய்ச்சிக்காக நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கயிறுகளைக் கண்காணிக்கும் சாவடியின் காவலர்களாகிய மேட், பப் என்னும் மரபணுக்களை, 1991இல் இரண்டு அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் ஈஸ்டில் கண்டறிந்தன. அதே வகைக் காவலர்கள் நம் உடலிலும் உள்ளனர்.

சுற்றுலா முடிந்து திரும்பும்போது, ஆசிரியை பேருந்தின் படியில் நின்று தலைகளை எண்ணுவாரே, அது போன்றது இக்காவல். ஒரே ஒரு மாணவி வரவில்லை என்றாலும் வண்டி புறப்படாது. அவ்வாறே, கயிறு பற்றாத குரோமோசோம் ஒன்று இருந்தாலும் அது பொறுங்கள் என்று அறிவிப்பு விடுத்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு ஓயும்வரை பசையை அறுக்கும் கத்தரி வேலை செய்யாது.

இனி ஒரு கேள்வி எழுவது இயல்பே. மரத்துக்குப் பெரிய பூவாக முடிந்த இந்த எண்ணிக்கை மாற்றம், தாய் வயிற்றில் வளரும் கருவுக்கு நேர்ந்தால் என்னவாகும்?

மனித செல்லில் குரோமோசோம்கள் நாற்பத்தாறு. இது இன்று எட்டாம் வகுப்பு மாணவியும் சொல்லும் விடை. ஆனால் 1956 வரை அறிஞர்கள் நாற்பத்தெட்டு என்றே நம்பிவந்தனர். சுவீடன் நாட்டில் ஜியோ, லெவான் என்னும் இருவர் கால்ச்சிசினால் செல்களை நடுவழியில் நிறுத்தி எண்ணிய பிறகே சரியான கணக்குத் தெரிந்தது. லெவானும் முதலில் வெங்காய வேரில் கால்ச்சிசினை ஆராய்ந்தவர்தாம்! செடியில் கற்ற பாடம் மனிதனுக்கு உதவிற்று.

கருவுற்ற முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஒரே செல். அது இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. மூன்றாம் நாள் ஏறத்தாழ எட்டுச் செல்கள். ஐந்தாறு நாட்களில் நூறு செல்கள் அளவில் ஒரு சிறு பந்து; ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. தவளையின் முட்டையோ முதல் பிரிவுக்குப் பின் அரை மணிக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே ஓடும். அதன் தொடக்கப் பிரிவுகளில் கயிற்றுக் காவல் ஏறக்குறைய இல்லை. கால்ச்சிசின் இட்டாலும் அதன் உள் கடிகாரம் நிற்பதில்லை. பாலூட்டிகளின் கரு அப்படியன்று. சுண்டெலியின் கருவில் கயிறுகளைக் கலைத்துவிட்டால், செல்கள் நின்று காத்திருக்கின்றன. ஆகவே முதல் நாட்களிலேயே அங்குக் காவல் இருக்கிறது.

ஆனால் அந்தக் காவல் முதல் நாட்களில் முழுக் கண்டிப்பாக இருப்பதில்லை என்பது அண்மை ஆண்டுகளின் ஆராய்ச்சி. ஓரிரு குரோமோசோம்கள் வரிசையில் சேராமல் ஒதுங்கி நின்றாலும், சில வேளைகளில் செல் பிரிந்துவிடுகிறது. இதன் பயனாக, மூன்று நாள் வயதான மனிதக் கருக்கள் பலவற்றில் சில செல்களிலாவது எண்ணிக்கை தவறியிருப்பதைக் காண்கின்றனர். அப்படியானால் நாமெல்லாரும் எப்படி நலமாகப் பிறந்தோம்? இதற்கு 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிக் கருவில் ஒரு விடை கண்டனர். சரியான செல்களும் தவறிய செல்களும் கலந்த கருவில், உடலாக வளரவிருக்கும் பகுதியிலிருந்த தவறிய செல்கள் தாமே அழிந்து மறைந்தன. நல்ல செல்கள் பெருகி இடத்தை நிரப்பின. நல்ல செல்கள் போதுமான அளவு இருந்த கருக்கள் பிழையின்றி வளர்ந்தன.

தளர்ந்த காவல்தானே, அடியோடு இல்லாவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். காவலர்களில் ஒருவராகிய மேட்2 என்னும் மரபணு இல்லாத சுண்டெலிக் கரு, ஆறேழு நாட்களுக்கு மேல் தாங்கவில்லை என 2000ஆம் ஆண்டில் கண்டனர். நகல் எடுக்கும் வேலை முடிந்ததா என்று பார்க்கும் வேறொரு சாவடியின் காவலராகிய செக்1 இல்லாத கருவும் கருப்பையில் ஒட்டும் காலத்தை ஒட்டியே மடிந்தது. தாயின் முட்டை உருவாகும்போதே எண்ணிக்கை தவறுவதும் உண்டு. இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதே டவுன் நோய்க்குறி என்பதை 1959இல் பாரிசில் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். நம் அன்புக்கும் கல்விக்கும் முழு உரிமையுடைய அக்குழந்தைகளை நாம் அறிவோம். பெரிய குரோமோசோம்களில் இவ்வாறு நேர்ந்தால் கரு பெரும்பாலும் பிறப்புவரை எட்டுவதேயில்லை. எல்லாக் குரோமோசோம்களும் மும்மடங்காகவோ நான்மடங்காகவோ ஆனாலும் அவ்வாறே. செடி பொறுத்துக்கொள்ளும் பிழையைப் பாலூட்டியின் கரு பொறுப்பதில்லை.

ஜானகி அம்மாள் விலங்குக் கருவை ஆராய்ந்தவரல்லர். அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுவந்த கேள்வி, எண்ணிக்கை மாறினால் உயிர் எப்படி மாறுகிறது என்பதே. கரும்பும் மக்னோலியாவும் அதற்கு ஒருவகை விடை தந்தன. கரு வேறுவகை விடை தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும் என்பது என் எண்ணம்.

இனி அவர் வரலாற்றைத் தொடர்வோம். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பினார். 1890இல் ஆங்கில ஆட்சி கல்கத்தாவில் நிறுவிய இந்தியத் தாவரவியல் அளவைத் துறை அப்போது சீர்குலைந்து கிடந்தது. அதைத் திருத்தியமைக்கும் பொறுப்பு 1952இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டுச் செடிகளைப் பற்றி அறிய அயல்நாட்டு அருங்காட்சியகங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய தீராத மனக்குறை. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் நிலவுலகை எவ்வாறு மாற்றிவருகிறான் என்பது பற்றி நடந்த பெரிய மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தாம். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது.

பின்னர் ஜம்முவில் உள்ள வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்துச் செடிகளின் பக்கம் திரும்பினார். நித்தியகல்யாணியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிய ஆராய்ச்சியை 1963இல் ஒருவருடன் இணைந்து வெளியிட்டார். நம் வீட்டு முற்றங்களில் பூசைக்குப் பறிக்கும் அதே நித்தியகல்யாணிதான். வின்கிரிஸ்டின் என்னும் மருந்து அச்செடியிலிருந்து கிடைப்பது. கால்ச்சிசினைப் போலவே அதுவும் செல்லின் கயிறுகளைக் கலைப்பது. கட்டுக்கடங்காமல் பிரியும் செல்களை நிறுத்துவதால், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் அதைத் தருகின்றனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையை அறிந்த நமக்கு இதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை.

1970இல் ஜானகி அம்மாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வயது எழுபத்து மூன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளராக இருந்து, மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வுக்கூடத்திலேயே குடியிருந்தார். அங்கு மருந்துச் செடித் தோட்டம் ஒன்றை வளர்த்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதற்காக வேலை நேரத்தில் எதையும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

எண்பது வயதைக் கடந்தபின் ஒரு போராட்டத்திலும் இறங்கினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டனர். கட்டினால் பழமையான மழைக்காடு நீரில் மூழ்கும். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். வெறும் குரலோடு நிற்கவில்லை; அப்பள்ளத்தாக்கின் செடிகள் மூழ்குமுன் அவற்றின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்துவிட வேண்டும் என்று முனைந்தார்.

1984 பிப்ரவரி 7ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், மதுரவாயலில் அவர் காலமானார். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, அமைதிப் பள்ளத்தாக்கு அதே ஆண்டு நவம்பரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. செடிகளை வகைப்படுத்தும் ஆராய்ச்சியில் சிறந்தோருக்கு இந்திய அரசு 1999இல் ஏற்படுத்திய விருது, ஜானகி அம்மாளின் பெயரால் அமைந்தது.